நுவரெலியாக் குளிரும் லொறிக் கெபினும்: நான் வாங்கிய இரண்டு டீசல் ஹீட்டர்கள்

இரண்டு ஹீட்டர் வாங்கினேன். முதலாவது மூன்று மாசம் வேலை செய்தது, இரண்டாவது இப்போது இரண்டாவது குளிர் சீசனை ஓட்டிக்கொண்டிருக்கிறது. முதலாவதை வாங்கும்போது யாராவது ஒழுங்காக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவதுக்குக் காசு கொடுத்திருக்க மாட்டேன். இப்போ நம்ம லொறிக்கார ஆட்கள் ஒவ்வொருவராகப் போன் எடுத்து "அண்ணே அது எப்படி, எத்தனை கிலோவொட், எங்கே வாங்கினீங்க" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிப் போடுகிறேன்.

மரக்கறி ஏற்றுகிறவனுக்கு நேரம் தன் கையில் இல்லை. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொல்வார்கள். போனால் லீக்ஸ் இன்னும் கழுவி முடிந்திருக்காது, கரட்டுக்குச் சாக்கு வந்திருக்காது, இடையில் மழை பிடித்துவிட்டால் தோட்டத்துப் பாதையில் ட்ரக்டர் இறங்காது. கடைசியில் ஏற்றி முடிய நடுச்சாமம் ஒரு மணி, இரண்டு மணி. அதற்குள் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது, கடைத் திண்ணையில் உட்காரவும் முடியாது, ஆக லொறிக்குள்தான் படுக்கை. என்னுடையது ஜப்பான் வண்டி, சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கிற அளவுக்கு ஒரு பலகை இருக்கிறது. கூட வருகிற தம்பி முன் சீட்டில் குறுக்கே நீட்டிக்கொள்வான். தை, மாசியில் வானம் வெளித்த இரவு என்றால் உருளைக்கிழங்குச் செடியில் உறைபனி விழுந்து இலை கருகிப் போகும், அந்தக் குளிரில் தகரப் பெட்டிக்குள் படுத்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விடியும்போது கண்ணாடியின் உள்பக்கம் நம் மூச்சே தண்ணீராக வடிந்து கொண்டிருக்கும்.

முன்னெல்லாம் இஞ்சினை ஓட விட்டுப் படுப்போம். 2022இல் டீசல் வரிசையில் மூன்று நாள் கிடந்தபோது அந்தப் பழக்கம் போனது, வரிசையில் நிற்பதே டீசலுக்கு, அதில் இஞ்சினை எப்படி ஓட விடுவது? சும்மா ஓடுகிற லொறி இஞ்சின் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடித்துவிடும், பெரிய இஞ்சின் என்றால் இரண்டு, மூன்று. அப்போது இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம். பக்கத்து லொறிக்காரர் ஒருவர் தகர டப்பாவில் கரித் தணலைப் போட்டு கெபினுக்குள் வைக்கப் பார்த்தார், நாங்கள் நாலு பேர் சேர்ந்து பிடுங்கி வெளியே வைத்தோம். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்: மூடின கெபினுக்குள் தணல், கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு எதுவும் வேண்டாம். அவற்றிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, இருமல்கூட வராது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் மலைநாட்டில் இப்படிப் போன உயிர்கள் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம்.

டீசல் ஹீட்டர் அந்த மாதிரி இல்லை. அதன் நெருப்பு மூடின அறைக்குள் எரிகிறது, எரிவதற்கான காற்றை லொறிக்கு அடியிலிருந்து ஒரு குழாயால் இழுத்து, புகையை இன்னொரு குழாயால் அடியிலேயே வெளியே தள்ளுகிறது. அந்த அறையைச் சுற்றி அலுமினியத்தில் செதில் செதிலாக ஒரு உறை இருக்கும், கெபின் காற்று அந்த உறைக்கு மேலால் ஓடிச் சூடாகித் திரும்ப உள்ளே வரும். நாம் மூச்சு விடுகிற காற்றும் நெருப்புக் காற்றும் எந்த இடத்திலும் சேர்வதில்லை. டீசலை ஒரு குட்டிப் பம்ப் சொட்டுச் சொட்டாக அனுப்பும், "டக், டக்" என்று கேட்பது அதுதான். தொடங்கும்போது ஒரு குளோ பிளக் சிவந்து பற்ற வைக்கும், பற்றிய பிறகு நெருப்பு தானாக ஓடும். ஒரு மோட்டாரின் ஒரு பக்கத்தில் எரிகாற்றுக்கு விசிறி, மறுபக்கத்தில் நமக்குச் சூடு அடிக்கிற விசிறி. இவ்வளவுதான் சாமான். இதில் கெட்டுப் போக என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

முதலாவதைக் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் எடுத்தேன். கடை பெயர் வேண்டாம், இப்படி விற்கிற கடை அங்கே ஒன்று இரண்டு இல்லை. சீனச் சாமான், பெட்டியில் கொட்டை எழுத்தில் 8 கிலோவொட் என்று போட்டிருந்தது. கடைக்காரர் ஒரு பெட்டரியில் மாட்டி மேசையில் வைத்தே ஓட்டிக் காட்டினார். இரண்டு நிமிசத்தில் பற்றி, ஐந்து நிமிசத்தில் கையை வைக்க முடியாத சூடு, புகைக் குழாயில் புகையே இல்லை, சுத்தமாக எரிகிறது. "நானா, லொறி 24 வோல்ட், இது 12 வோல்ட், பிரச்சினை இல்லையா?" என்று கேட்டேன். "ஒரு பெட்டரியில கொடுங்க தம்பி, எல்லாரும் அப்பிடித்தான் பூட்றாங்க" என்றார். 48,000 ரூபா கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் மூன்று பிழை விட்டிருக்கிறேன், ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

முதல் பிழை பெட்டரி. இதைத் தெரியாமல் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். 24 வோல்ட் லொறியில் இரண்டு 12 வோல்ட் பெட்டரி வரிசையாகப் பூட்டியிருக்கும். ஹீட்டரை ஒன்றில் மட்டும் மாட்டினால் இரவெல்லாம் அந்த ஒன்றுதான் இறங்கும். காலையில் ஓல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றும், இறங்கினது எது, நிறைந்தது எது என்று அதற்குத் தெரியாது. ஆக இறங்கின பெட்டரி ஒரு நாளும் நிறையாது, நிறைந்த பெட்டரி மேலும் மேலும் ஏறித் தண்ணீர் கொதிக்கும். எனக்கு மூன்றாவது கிழமையே ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை. நுவரெலியாவில் பெட்டரி பாஸ் ஒருவர் மூடிகளைக் கழற்றிக் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். நிறைந்த பெட்டரியில் மிதவை மேலே நின்றது, இறங்கினதில் அடியோடு விழுந்து கிடந்தது. என் முகத்தைப் பார்த்து, "இடைல இருந்து வயர் எடுத்திருக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பெட்டரியும் மாற்ற வேண்டி வந்தது, ஹீட்டர் விலையில் பாதிக்கு மேல் அங்கே போனது. 24 வோல்ட் லொறிக்கு 24 வோல்ட் ஹீட்டர் வாங்குங்கள். 12 வோல்ட்தான் கையில் இருக்கிறது என்றால் நடுவில் 24ஐ 12 ஆக்குகிற ஒரு கன்வேர்ட்டர் போடுங்கள், தொடங்கும்போது குளோ பிளக் இழுக்கிற கரண்டைத் தாங்குகிற கன்வேர்ட்டராக இருக்க வேண்டும், மலிவு சாமான் அந்த இரண்டு நிமிசத்திலேயே மயங்கி விழுந்துவிடும்.

இரண்டாவது பிழை அந்தக் கொட்டை எழுத்து. 8 கிலோவொட் என்று விற்கிற பலதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது 5 கிலோவொட் உடம்பு, ஸ்டிக்கர்தான் வேறு. ஏமாற்று ஒரு பக்கம் கிடக்கட்டும், 5 கிலோவொட்டே நமக்குக் கூட. லொறிக் கெபின் என்பது சமையலறை அலுமாரி அளவு இடம், அதற்கு 2 கிலோவொட் தாராளம். பெரிய ஹீட்டரைச் சின்னக் கெபினில் வைத்தால் பத்து நிமிசத்தில் வேர்த்து ஊற்றும், உடனே ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கி விடுவோம், இரவு முழுக்க அது அந்த மந்த நெருப்பிலேயே எரியும். மந்தமாக எரிகிற நெருப்பில் டீசல் முழுசாக எரியாது, கரி படியும். ஈர விறகுக்கும் காய்ந்த விறகுக்கும் உள்ள வித்தியாசம் லயத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது பிழைதான் பெரிசு, அதைப் பற்றி எங்கேயும் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை. அது உயரம்.

கொழும்பில் மேசை மேல் அவ்வளவு சுத்தமாக எரிந்த அதே ஹீட்டர், கந்தப்பளையில் முதல் ராத்திரி சுவிட்சைப் போட்டதும் லொறிக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகையாகக் கக்கியது. கோவா ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் லொறி தீப்பிடித்துவிட்டது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பிறகு அணைந்து, தானாக இன்னொரு தடவை முயற்சி செய்து, திரையில் ஈ-10 என்று விழுந்தது, பற்றவில்லை என்று அர்த்தம். மூன்றாவது தடவை பற்றியது, ஆனால் கறுப்புப் புகை, டீசல் வாடை. கூட இருந்த தம்பி, "அண்ணே, குளிரே பரவாயில்லண்ணே" என்று கம்பளியோடு இறங்கிப் பக்கத்து லொறிக்குப் போய்விட்டான்.

விசயம் இதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். இந்த உயரத்தில் காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் உள்ளே போகிற ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் பம்ப் அங்கே எத்தனை சொட்டுப் போட்டதோ இங்கேயும் அத்தனையே போடும். டீசல் கூட, காற்றுக் குறைவு, பிறகு கரியில்லாமல் என்ன வரும்? வெளிநாட்டுப் பெரிய கம்பனிகளின் பழைய மொடல்களுக்கான கையேடுகளிலேயே 1,500 மீற்றர் வரை தடையில்லாமல் ஓட்டலாம், அதற்கு மேல் ஒரு மலையைக் கடந்து போகிற மாதிரிக் கொஞ்ச நேரம் என்றால் பரவாயில்லை, அங்கேயே தங்குவதென்றால் உயரத்துக்கான பாகம் தனியாகப் பூட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஐரோப்பாவில் லொறிக்காரன் மலையைக் கடந்து மறுபக்கம் இறங்கிவிடுவான். நாங்கள் அந்த மலையில்தானே படுக்கிறோம்! ஹட்டன் 1,270 மீற்றர் அளவு, அங்கே தங்குகிறவருக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. நானுஓயா, கந்தப்பளை, பட்டிப்பொல, அம்பேவெல என்றால் கட்டாயம் வரும். பட்டிப்பொல ஸ்டேசன் மட்டும் 1,891 மீற்றர்.

ஆகவே கடையில் போய் எத்தனை கிலோவொட் என்று கேட்பதற்கு முதல், உயரத்துக்கு ஏற்றபடி பம்பைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். சீன ஹீட்டர்களில் இதற்கு ஒரு வசதி உண்டு, அந்த ஒரு விசயத்தில் அவற்றை மெச்சத்தான் வேண்டும். கொன்ட்ரோலரின் உள் மெனுவில் பம்ப் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அடிக்க வேண்டும், விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று மாற்றலாம். பலதில் அந்த மெனுவுக்குள் போகிற இலக்கம் 1688. என்னுடையதில் ஆகக் குறைந்த அடி 1.6 ஆக இருந்தது, 1.3 ஆக்கினேன். ஆகக் கூடியது 5.0 இருந்தது, 4.1க்கு இறக்கினேன். ஒரேயடியாக இறக்காமல் ஒவ்வொரு புள்ளியாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் கால் மணித்தியாலம் ஓட விட்டு, புகைக் குழாய் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தேன். துணி கறுக்காத இடத்தில் நிறுத்தினேன். கீழே இறங்கினால் திரும்ப ஏற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், தம்புள்ளையில் ஹீட்டர் போட்டு யார் படுக்கப் போகிறார்கள்?

அதற்குள் கரி படிந்துவிட்டது, கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் சாக்கை விரித்துப் பிரித்தேன். மேல் பிளாஸ்டிக் மூடி, மோட்டார், பிறகு நாலு நட்டில் நிற்கிற எரிஅறை. அதன் உள்பக்கம் லயத்து அடுப்பில் வருசக்கணக்காகத் தொங்கின கேத்தல் அடி மாதிரி இருந்தது. விரலை விட்டால் கரி பாளம் பாளமாகக் கழன்றது. குளோ பிளக்கைச் சுற்றி ஒரு சின்னக் கம்பிச் சல்லடை உண்டு, டீசல் சொட்டு அதில்தான் விழுந்து ஆவியாகும், அது முழுக்க அடைத்துப் போய்க் கறுப்பு வில்லையாகிக் கிடந்தது. சல்லடையைச் சுரண்டக் கூடாது, கிழியும், புதுசு போட வேண்டும், விலை பெரிசில்லை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், புகை கசியாமல் மூட்டில் வைக்கிற கஸ்கட்டும் புதுசு. நான் முதல் தடவை பழைய கஸ்கட்டையே துடைத்துப் போட்டேன், காசு மிச்சம் என்று. அன்றைக்கு இரவு பன்னிரண்டரைக்கு சீட்டுக்கு மேலே மாட்டியிருந்த காபனோரொட்சைட்டு அலாரம் கத்தியது. கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் சாரத்தோடு பாதையில் குதித்தோம். அலாரம் ஹீட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதை வாங்குவதற்கு நான் கடையில் யோசித்தது நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஹீட்டர் எந்தச் சாதி என்றாலும் அலாரம் இல்லாமல் படுக்க வேண்டாம், தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள், கிழமைக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்திக் கத்துகிறதா என்று பாருங்கள்.

அன்றோடு முதலாவதைக் கழற்றினேன்.

இரண்டாவது கிடைத்த விதம் வேறு. ஜப்பானில் குளிர்ப் பிரதேசத்தில் ஓடின லொறிகளில் சிலவற்றுக்குப் படுக்கைக்குக் கீழே இப்படி ஹீட்டர் பூட்டியே வரும். பெரிய லொறிக் கெபின்களைப் பாதியாக வெட்டி இறக்குகிறார்கள் அல்லவா, அப்படி ஒரு கெபினில் வெபாஸ்டோ எயார் டொப் 2000 ஒன்று கிடந்தது, 24 வோல்ட். வெட்டுகிறவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, ஏசியின் பாகம் என்று நினைத்துக் கொண்டிருந்தார். 35,000 ரூபாவுக்கு முடித்தேன். வாங்கும்போது அடியில் உள்ள புகைக் குழாய் முனை துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா, விசிறியைக் கையால் சுற்றினால் இழுக்காமல் சுற்றுகிறதா, வயர் சொக்கட் வெட்டாமல் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். வயரை வெட்டி எடுத்தது என்றால் வாங்காதீர்கள், கொன்ட்ரோலரோடு பொருத்தித் தேடி முடியாது.

இதன் அளவு 0.9 முதல் 2 கிலோவொட் வரை. டீசல் மணிக்கு 0.12 முதல் 0.24 லீற்றர், கரண்ட் ஓடும்போது 14 முதல் 29 வொட். எடை மூன்று கிலோகூட இல்லை. படித்தபோது இவ்வளவு சின்னது எதற்குக் காணும் என்று நினைத்தேன். இப்போ ஒரு ராத்திரிக்கு, அதாவது ஏழு மணித்தியாலத்துக்கு, ஏறக்குறைய ஒரு லீற்றர் டீசல் போகிறது, தம்பி முன் சீட்டில் பெனியனோடு படுக்கிறான். பெட்டரிக்குச் சுமையே தெரிவதில்லை, காலையில் ஒரே இழுவையில் ஸ்டார்ட். எனக்கு அதைவிடப் பிடித்தது கண்ணாடி காய்ந்திருப்பதுதான். சூட்டோடு ஈரமும் போகிறது, முன்னெல்லாம் விடியச் சாமம் ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது ஒரு கையில் துணியை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவேன்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. உயரத்தின் தொல்லை இதற்கும் உண்டு, பழைய மொடல் என்பதால் பம்பைக் குறைக்கிற மெனு கிடையாது. ஆனால் சின்ன உடம்பு என்பதால் அது பெரும்பாலும் நல்ல நெருப்பில் எரிகிறது, அதனால் கரி படிவது குறைவு. கிழமைக்கு ஒரு தடவை இறங்கி வரும்போது கம்பளைக்குக் கிட்ட ஜன்னல்களைத் திறந்துவிட்டு இருபது நிமிசம் முழு வேகத்தில் ஓட்டி விடுகிறேன், தாழ்ந்த இடத்தில் காற்று நன்றாகக் கிடைப்பதால் இருக்கிற கரியும் எரிந்து போய்விடும் என்பது என் கணக்கு. வருசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். போன தடவை ஒரு மேசைக்கரண்டி கரிகூட வரவில்லை. பாகங்கள் விலை, அதைச் சொல்லியாக வேண்டும், குளோ பிளக் ஒன்றுக்குக் கேட்ட விலையில் சீன ஹீட்டருக்கு மூன்று வாங்கலாம். புதுசாக வாங்கக் காசு இருக்கிறவர்கள் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் இரண்டிலும் இப்போ வருகிற மொடல்களைப் பார்க்கலாம், உயரத்தை அதுவாக அறிந்து டீசலைக் குறைக்கிறவை அவற்றில் உண்டு. எந்த மொடல், எத்தனை மீற்றர் வரை என்று கையேட்டில் எழுத்தில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள், கடைக்காரர் வாயை நம்ப வேண்டாம். ஓட்டோடேர்ம் 2டி இடைத்தரம் என்கிறார்கள், நான் கையால் தொட்டதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச்சில்லை.

பூட்டுவது பற்றி. நம் லொறிகளில் கெபின் முன்னால் சரிகிற சாதி. ஹீட்டர் கெபின் தரையில் நிற்கும், டீசல் டாங்கி சேஸியில் நிற்கும். கெபினைச் சரிக்கும்போது டீசல் குழாய் இழுபட்டு அறுந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, கராஜ் பாஸுக்குத் தோன்றியது. பின்பக்கம் ஒரு வளையம் விட்டுக் குழாயைக் கட்டினார், பிறகு கெபினை முழுக்கச் சரித்து, குழாய் எங்கே இறுகுகிறது, புகைக் குழாய் எங்கே இடிக்கிறது என்று பார்த்தார். உங்கள் பாஸ் இதைச் செய்யாவிட்டால் நீங்கள் நின்று செய்விக்க வேண்டும். சீனப் பெட்டியோடு வருகிற பச்சை நிற மெதுக் குழாயை வீசிவிட்டு, உள்விட்டம் 2 மில்லிமீற்றர் வருகிற கடின நைலோன் குழாயைப் போடுங்கள். மெதுக் குழாய் ஒவ்வொரு அடிக்கும் ஊதிச் சுருங்கும், சொட்டு அளவு பிழைக்கும், காற்றுக் குமிழியும் நிற்கும். பம்பைப் படுக்க வைத்துக் கட்டக் கூடாது, டீசல் வெளியேறுகிற வாய் மேலே பார்க்கச் சாய்த்துக் கட்ட வேண்டும். அதை இறப்பர் பிடியில் தொங்க விட்டால் அந்த டக் டக் சத்தம் கெபினுக்குள் ஏறாது, சேஸியில் நேராக இறுக்கினால் தலைமாட்டில் சுவர்க் கடிகாரம் வைத்த மாதிரி இருக்கும்.

புகைக் குழாய் கெபினைத் தாண்டி வெளியே வர வேண்டும், வாய் முன்பக்கம் பார்க்கக் கூடாது, ஓடும்போது மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே அடிக்கும். டாங்கி, பிரேக் குழாய், டயர், வயர் எதற்கும் கிட்டப் போகக் கூடாது, அந்தக் குழாய் நெருப்புச் சூடு. எரிகாற்று இழுக்கிற குழாயின் வாயைப் புகை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் தன் புகையைத் தானே குடித்து மூச்சு முட்டும், இதையும் நான் பார்த்திருக்கிறேன். பாதை ஓரத்தில் மண் மேட்டை ஒட்டி நிறுத்தும்போது எந்தப் பக்கம் புகை போகிறது என்று ஒரு தடவை இறங்கிப் பாருங்கள், புகை மேட்டில் முட்டி ஜன்னல் வழியே திரும்பும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துத்தான் நான் இன்றைக்கும் படுக்கிறேன்.

இன்னும் மூன்று பழக்கம். அணைக்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு விடுங்கள், விசிறி மூன்று நாலு நிமிசம் ஓடிச் சூட்டைத் தணித்துத் தானாக நிற்கும். அவசரத்தில் மெயின் சுவிட்சைத் தட்டினால் உள்ளே இருக்கிற சூடு போக வழியில்லாமல் பாகங்களைத் தின்றுவிடும். டீசல் அடிக்க ஷெட்டுக்குள் போவதற்கு முதல் ஹீட்டர் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும், அடியில் நெருப்பு எரிகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். சீசன் இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு தடவை பத்து நிமிசம் ஓட விடுங்கள், இல்லையென்றால் பம்ப் இறுகிவிடும்.

கழற்றின சீன ஹீட்டர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பண்டாரவளைப் பக்கம் 12 வோல்ட் சின்ன வண்டி ஓட்டுகிற ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே உயரம் 1,200 மீற்றர் சொச்சம்தான், பம்பைப் பழையபடி கொஞ்சம் ஏற்றிவிட்டால் ஒழுங்காக எரியும், வோல்டும் பொருந்தும். 20,000 சொன்னேன், 15,000க்குக் கேட்கிறார். கொடுத்து விடுவேன், ஆனால் கஸ்கட்டும் அலாரமும் புதுசாக வாங்கிக் கொண்டு வந்தால்தான் கையில் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.